அருவியும் இரைச்சல் கணக்கில்தான் வருமா?

தென்காசிப் பக்கம் பழைய வீட்டுப் பரணை ஒழிக்கிறவர்களுக்கு மூன்று சாமான்கள் தவறாமல் கிடைக்கும். அடி ஓட்டையான பித்தளைப் பானை, ஓரம் கரையான் அரித்த கல்யாண ஆல்பம், ஒரு மஞ்சள் பை நிறைய கேசட்.

பானையை எடைக்குப் போட்டுவிடலாம். ஆல்பத்தை ஸ்கேன் பண்ணலாம். கேசட்டை என்ன செய்ய? காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தேய்மானம் எல்லாம் கழித்து ஏட்டு மதிப்பு பூஜ்யமாகிப் போன சொத்து அது. ஆனாலும் போக்கெழுத மனசு வராது.

அந்தப் பையில் முக்கால்வாசி சினிமாப் பாட்டாக இருக்கும். அதைத் தூக்கிப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அதைவிடச் சுத்தமான பிரதி இன்றைக்கு போனிலேயே கிடைக்கிறது. விஷயம் அடியில் கிடக்கும் நாலைந்து கேசட்டில்தான். அட்டையில் படம் கிடையாது. பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெயர், ஒரு வருஷம், அவ்வளவுதான். அது பாட்டு இல்லை. கடிதம்!

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து வெளிநாடு போவது பல தலைமுறைப் பழக்கம். முதலில் சிங்கப்பூர், மலேயா. (சிங்கப்பூரில் இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தனித்தனியே சங்கங்கள் உண்டு.) எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடா. போனில் பேசினால் காசு தண்ணீராய்ப் போகும், லைன் கிடைப்பதும் அதிர்ஷ்டம். கடிதம் எழுதலாம் என்றால் எல்லா அம்மாக்களுக்கும் எழுதத் தெரியாது, இன்னொருத்தரிடம் சொல்லி எழுத வைத்தால் மனசில் இருப்பதெல்லாம் வராது. அதற்குக் கிடைத்த வழிதான் கேசட். வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன்னில் பட்டனை அமுக்கிப் பேச வேண்டியது, லீவு முடிந்து திரும்புகிற ஆளிடம் கொடுத்துவிட வேண்டியது. போய்ச் சேர பத்து நாளோ ஒரு மாசமோ. கேட்டுவிட்டு அதே கேசட்டில் பதில் பேசி அனுப்புகிறவர்களும் உண்டு. அப்படி அழிந்துபோன கடிதங்களுக்குக் கணக்கே கிடையாது.

சரி, ஒரு வீட்டுக் கதைக்கு வருவோம். ஊர்ப் பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம்.

அந்த வீட்டு அப்பா 1984-லிருந்து 1995 வரை பதினோரு வருஷம் சவூதியில் தம்மாமில் இருந்தவர். அவருடைய அம்மா தென்காசியிலிருந்து அனுப்பிய கேசட்டுகளில் மூன்றுதான் மிஞ்சியது. ஒன்றின் மேல் '1988 சீசன்' என்று எழுதியிருக்கிறது. காலேஜ் படிக்கிற மகள் அதை கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் பண்ணித் தருவதாகச் சொல்லிவிட்டாள். ஆச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலம். குரல் இருப்பது அந்த மூன்று கேசட்டில் மட்டும்.

ஆன்லைனில் யூ.எஸ்.பி. கேசட் பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடலாம் என்றுதான் முதல் யோசனை. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி தடுத்துவிட்டார். அந்த மாதிரி மலிவுப் பிளேயர்களில் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது, பேசுகிற ஆள் தள்ளாடிக்கொண்டே பேசுவது மாதிரி இருக்கும். தன் கடையில் கிடந்த பழைய டெக்கைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். கேசட்டைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்தது. அது இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டனை யார் தெரியாமல் அமுக்கினாலும் பதிவாகாது. இரண்டாவது, ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஹெட் பக்கத்தில் இருக்கிற திருகாணியைக் கால் சுற்று அப்படி இப்படித் திருப்பினார். அதுவரை போர்வைக்குள்ளிருந்து பேசின குரல் சட்டென்று வெளியே வந்துவிட்டது.

"சாஃப்ட்வேர்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் தாயீ. முதல்ல உள்ளத ஒழுங்கா எடு" என்றாராம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டேப்பைத் தொடுகிற ஹெட்டில் ஒரு மெல்லிய கீறல் மாதிரி இடைவெளி இருக்கும். பதிவு செய்த மெஷினில் அது எந்தக் கோணத்தில் நின்றதோ, அதே கோணத்தில் நின்றால்தான் மேல்ஸ்தாயி ஒலிகள் முழுசாகக் கிடைக்கும். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ச, ஸ, ஷ எல்லாம் மங்கிவிடும். அந்தக் கோணத்தை விட்டுவிட்டு எத்தனை ஆயிரம் ரூபாய் சாஃப்ட்வேர் போட்டாலும், டேப்பிலிருந்து எடுக்காததை அது உண்டாக்க முடியாது.

குற்றாலத்துக் காற்றின் ஈரம் வேறு. மழைக்காலம் முழுக்க பரணில் கிடக்கிற கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், மூச்சில் போனால் ஆளுக்கும் நல்லதில்லை. இந்தக் கேசட் தப்பித்திருந்தது. பல வருஷம் பாலைவனத்தில் காய்ந்ததாலோ என்னவோ :-)

இப்போது அந்த 'உஸ்ஸ்ஸ்' சத்தம். அது ஏன் வருகிறது?

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை வெளியிட்டபோது அது பாட்டுக் கேட்கிற சாதனமே இல்லை. குறிப்புச் சொல்லிப் பதிகிற சின்ன மெஷினுக்காகப் பண்ணினது. நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர் கூடக் கிடையாது, 3.81 தான். ஓடுகிற வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அப்போது ஸ்டூடியோவில் சாதாரணமாக ஓடிய டேப்போ நொடிக்கு 38 சென்டிமீட்டர். டேப்பில் இருப்பது கோடிக்கணக்கான காந்தத் துகள்கள். அவை தாறுமாறாய் நிற்பதுதான் இந்த உஸ். ஒரு நொடிக்குள் ஹெட்டைக் கடக்கிற துகள் அதிகமானால் தாறுமாறு ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கேசட்டில் துகளும் குறைவு, வேகமும் குறைவு, அதனால் உஸ் ஜாஸ்தி. மலிவான ரெக்கார்டர்களில் பழைய பதிவை அழிக்க ஒரு சின்ன நிரந்தரக் காந்தத்தையே வைத்துவிடுவார்கள். அது அழிக்கும், கூடவே இன்னும் கொஞ்சம் உஸ்ஸை விட்டுவிட்டுப் போகும்.

இந்த உஸ்ஸோடு சண்டை போட்டுப் பெயர் வாங்கினவர் ரே டால்பி. தியேட்டரில் பார்க்கிற அதே டால்பிதான். அவர் 1963-லிருந்து 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தார். இங்கே இசைக் கலைஞர்களை டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தபோதுதான் இந்த இரைச்சலை என்ன செய்யலாம் என்ற யோசனை அவருக்கு வலுத்தது. 1965-ல் லண்டனில் கம்பெனி தொடங்கினார். கேசட்டுக்கு வந்த டால்பி-பி முறை 1968-ல் வந்தது. மெதுவான மேல்ஸ்தாயி ஒலிகளைப் பதியும்போதே தூக்கிப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு இறக்கிவிடுவது. இறக்கும்போது உஸ்ஸும் கூடவே இறங்கும். அழகான தந்திரம், ஆனால் பதியும்போதே செய்திருக்க வேண்டும். ஆச்சியின் டூ-இன்-ஒன்னில் அதெல்லாம் ஏது?

கேசட்டின் முதல் பக்கம் வீட்டில் பேசினது. அதில் உஸ்ஸோடு 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரமும் இருந்தது. கரண்டில் போட்டுப் பதிந்தால் வருவது. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது, அதனால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 100, 150-லும் ரீங்காரம் உட்கார்ந்திருக்கும். அந்த இடங்களை மட்டும் ஊசி குத்துகிற மாதிரிக் குத்தி எடுத்துவிடலாம். குரலுக்குப் பெரிய சேதம் வராது. அரை மணி நேர வேலை. அவள் முடித்துவிட்டாள். வீட்டுச் செய்தி, மாடு கன்று போட்ட செய்தி, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது.

இரண்டாவது பக்கம்தான் வம்பு. ரீங்காரம் துளிகூட இல்லை, பேட்டரியில் ஓடியிருக்கிறது. ஆனால் உஸ் மட்டும் மூன்று மடங்கு. டேப் கெட்டுவிட்டது என்றே நினைத்தாள்.

இந்த மாதிரி வேலைக்கு எல்லோரும் போகிற சாஃப்ட்வேர் ஆடாசிட்டி. காசு கிடையாது. 2000-ல் வெளிவந்தது. அதில் இரைச்சல் நீக்குகிற முறை இப்படி: பதிவில் யாரும் பேசாத, வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். 'இதுதான் இரைச்சல், அடையாளம் பார்த்துக்கொள்' என்கிற மாதிரி. சாஃப்ட்வேர் ஒலியை ஆயிரத்துச் சொச்சம் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் அந்த இரைச்சல் எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலும் அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்கிவிடும். அதற்கு ஆளும் தெரியாது, அர்த்தமும் தெரியாது. உயரம் மட்டும்தான் தெரியும்.

வெறும் இரைச்சல் துண்டு ஒன்று வேண்டும். தேடினாள். இரண்டாவது பக்கத்தில் நாலாவது நிமிஷத்தில் அருமையான ஒரு துண்டு, இருபத்திரண்டு நொடி. ஒருத்தரும் பேசவில்லை. அதைக் காட்டி, அமுக்குகிற அளவை 12 டெசிபெல்லிலிருந்து 24-க்கு ஏற்றி, ஓடவிட்டாள்.

உஸ் போயிற்று. ஆச்சி தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. இடையிடையே கிளுக் கிளுக் என்று சின்னச் சின்னச் சத்தம் வேறு. (அமுக்கின பட்டைகளில் ஒன்றிரண்டு அவ்வப்போது தப்பித்துத் தலை காட்டுவதால் வருவது. இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த வியாதி.) அதோடு, 'சாரல் அடிக்கு' என்று ஆச்சி சொன்னது 'ஆரல் அடிக்கு' என்று கேட்டது. குளத்து மீன் எதற்கு அடிக்கிறது என்று குழப்பம்.

ச, ஸ எல்லாம் குரலே இல்லை, காற்றுதான். அது நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பரவி நிற்கிற ஒரு குட்டி உஸ். கேசட் உஸ் குடியிருக்கிறதும் அதே தெருவில். ஒன்றை விரட்டினால் மற்றது சேர்ந்து ஓடும்.

ஆடாசிட்டியில் இன்னொரு வசதி உண்டு, பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. நீக்கப்போவதை மட்டும் தனியாகக் கேட்கலாம். எச்சம் என்று அதற்குப் பெயர். (அக்கவுண்ட்ஸில் சொத்தின் ஆயுள் முடிந்த பிறகும் எஞ்சிய மதிப்பு என்று ஒரு தொகை வைப்பார்களே, அது ஞாபகம் வந்தால் தப்பில்லை.) சுத்தமான நீக்கம் என்றால் எச்சத்தில் உஸ் மட்டும் கேட்க வேண்டும், குரலின் சாயல்கூடக் கேட்கக் கூடாது. அவள் கேட்டாள். முதலில் ஆச்சியின் 'ச' எல்லாம் வரிசையாகக் கேட்டது. பிறகு அந்த இருபத்திரண்டு நொடி. ஹெட்ஃபோனில், தனியாக, முழுசாக.

அது டேப் உஸ் இல்லை. உஸ்ஸுக்கு இப்படி அடித்தொண்டை கிடையாது. கீழே இடி மாதிரி ஒரு முழக்கம், மேலே சிதறல். மூலப் பதிவை எடுத்து அந்தத் துண்டுக்கு முன்னால் ஆச்சி என்ன சொல்கிறார் என்று மறுபடி கேட்டாள்.

"எய்யா, சாரல் அடிக்கு. சீசன் நல்லாருக்கு. இந்தா, அருவிச் சத்தம் கேக்கா?"

அதற்குப் பிறகுதான் அந்த இருபத்திரண்டு நொடி. குற்றாலம் பேரருவிப் பக்கம் போய், தம்மாமில் இருக்கிற மகனுக்காக டேப்ரிக்கார்டரை அருவி இருக்கிற திசைக்கு நீட்டிப் பிடித்திருக்கிறார். சுற்றி இருந்தவர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கடிதத்தில் அவர் அனுப்ப நினைத்ததே அதுதான். பேத்தி சாஃப்ட்வேரிடம் காட்டிக்கொடுத்ததும் அதைத்தான்!

பேரருவி ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரம். நடுவில் பொங்குமா கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, மறுபடி கீழே விழுகிறது. எண்ணிலடங்காத நீர்க்குமிழிகள் வெவ்வேறு நேரத்தில் எழுப்புகிற சத்தம், அதனால் எல்லா அலைவரிசையிலும் கலந்து நிரம்பியிருக்கும். கணக்குப்படி பார்த்தால் அருவியும் டேப் இரைச்சலும் பங்காளிகள். சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கால டூ-இன்-ஒன்னில் ஒலி அளவைத் தானாகச் சரி செய்கிற சர்க்யூட் உண்டு. ஆள் பேசும்போது அளவைக் குறைத்துக்கொள்ளும், பேச்சு நின்றதும் மெல்ல ஏற்றும். அதனால் ஆச்சி பேசும்போது அருவி பின்னால் போகிறது, அவர் நிறுத்தினால் நடந்து வருகிற மாதிரி கிட்டே வருகிறது. அந்த இருபத்திரண்டு நொடியின் கடைசியில் அருவி உச்சத்தில் இருக்கும். பேச்சு நடக்கும்போது உள்ளதைவிட மிக உயரமான இரைச்சலை அடையாளம் காட்டினால், அமுக்கலும் அந்த அளவுக்குத்தானே விழும். அரட்டை நடுவில் வருகிற இடைவெளியிலிருந்து மாதிரி எடுக்கிற எல்லா வீட்டுப் பதிவுக்கும் இந்த ஆபத்து உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வேறு வழியும் இருக்கிறது. அதுவும் முயன்று பார்த்தாள். பேச்சை மட்டும் பிரித்தெடுக்கப் பழக்கிய புரோகிராம்களுக்குக் குரல் தவிர மற்றதெல்லாம் குப்பை. பத்து நொடியில் அருவி சுத்தமாகக் காணோம். குரல் ரேடியோ ஸ்டேஷனில் பேசுவது மாதிரி கணீரென்று இருந்தது. ஒளித்துச் சொல்ல வேண்டியதில்லை, முதல் தடவை கேட்கிறவர் அசந்துவிடுவார். அந்த இருபத்திரண்டு நொடி மட்டும் வெறும் மௌனம். 'கேக்கா?' என்று கேட்டுவிட்டு ஆச்சி பேசாமல் நிற்கிறார்.

அப்பாவிடம் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏட்டி, அம்மாதான். ஆனா எங்கனருந்து பேசுதா?"

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் ஒன்று உண்டு, ஐஏஎஸ்ஏ. கேசட்டை டிஜிட்டலாக்குகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கிற முதல் விதி, மூலப் பிரதியில் எந்தச் சுத்தமும் செய்யாதே. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது குறைந்தபட்ச அளவு. ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஒரு ஜி.பி. அளவு வரும், இன்றைக்கு அது ஒன்றும் பெரிய இடமில்லை. அதைப் பூட்டி வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பத்து வருஷம் கழித்து இதைவிட நல்ல கருவி வரும்போது மறுபடி ஆரம்பிக்க மூலம் வேண்டாமா? இதே சங்கம் யுனெஸ்கோவோடு சேர்ந்து 2019-ல் காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கியது. டேப் கெட்டுப்போவதைவிட, அதை ஓட்டுகிற மெஷினும் உதிரிபாகமும் பழுது பார்க்கிற கையும் இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்றும், 2025 வாக்கில் நிலைமை கைமீறும் என்றும் சொன்னார்கள். அண்ணாச்சி கடையில் இப்போது பாதி செல்போன் கவர் விற்பனைதான். ஹெட்டுத் திருகாணியைக் காதால் கேட்டுத் திருப்பத் தெரிந்தவர்கள் தென்காசியில் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?

கடைசியில் அவள் செய்தது எளிமையான வேலை. முதல் பக்கத்தில், வீட்டில் ராத்திரி பேசினபோது வந்த ஒரு சின்ன இடைவெளியிலிருந்து டேப் உஸ்ஸின் மாதிரியை எடுத்தாள், ரீங்காரத்தை நீக்கிய பிறகு. அதை வைத்து இரண்டாவது பக்கத்தில் வெறும் 6 டெசிபெல் மட்டும் அமுக்கினாள். அடிக்கடி எச்சத்தைக் கேட்டுப் பார்த்துக்கொண்டாள், அதில் 'ச' வந்தால் அளவைக் குறைத்தாள். காற்று மைக்கில் மோதி டப் டப் என்கிற இடங்களில் (செங்கோட்டைக் கணவாய்க் காற்றாச்சே!) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாள். அந்த இருபத்திரண்டு நொடியைத் தொடவே இல்லை. உஸ் இன்னும் இருக்கிறது. 'சாரல்' சாரலாகவே கேட்கிறது.

பையில் இன்னொரு கேசட்டும் இருந்தது. அப்பா தம்மாமிலிருந்து அனுப்பிய பதில்களில் அழியாமல் தப்பித்த ஒன்று. அதிலும் பெரிய ரீங்காரம். ஆச்சி கேசட்டுக்குச் செய்து வைத்திருந்த அதே 50 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டாள், ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஒரு கேசட் எந்த நாட்டில் பேசப்பட்டது என்பதை அட்டையில் எழுதாவிட்டாலும் ரீங்காரம் சொல்லிவிடும் போல. 60, 120, 180 என்று மாற்றினதும் பாதி அடங்கியது. மீதி பாதி, ஜன்னல் ஏசி. ஒரே சீரான சத்தம், அளவு மாறாதது. எடுப்பதற்கு இதைவிடச் சுலபமான இரைச்சல் கிடையாது.

ஆனால் அருவி விஷயத்தில் சூடு பட்டிருந்தாளே, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அப்பாவிடம் போனாள். இந்த ஏசி சத்தத்தையும் விட்டு வைக்கவா?

"வேண்டாம்ட்டி. அத மொத்தமா எடுத்துரு. பதினோரு வருசம் கேட்டாச்சு" என்றார்.